அடி தெரிகிற தண்ணீர்

எங்கள் வீட்டில் கடல் பார்த்த யன்னல் ஒன்றே ஒன்றுதான். அந்த யன்னல் உள்ள அறையைத்தான் அம்மா மாப்பிள்ளைக்கு என்று ஒதுக்கினார். மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. பழைய வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஒரு வெளிநாட்டு நிறுவனம் அதே வளவில் கட்டித்தந்த புது வீடு.

"கடற்காத்து வாற அறை மருமகனுக்கு," என்று அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். அம்மாவின் பெயர் புஸ்பம். யாருக்கும் எதிலும் குறை வைக்காத மனுசி. நாவலடியில் அதே சுனாமியில் தாயையும் தங்கச்சியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்குக் கடல் பார்த்த யன்னல்! வரவேற்பு எப்படி? அந்த நேரம் எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இருக்கிறதில் நல்லதைக் கொடுக்கிறோம் என்ற சந்தோசத்தில் இருந்தோம்.

நாட்டில் சண்டை முடிந்த வருசம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. என் கணவர் நிலோஜன் ஆரையம்பதியில் கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞர். உடுப்புப் பெட்டி ஒன்றும் கொம்பியூட்டர் ஒன்றும்தான் அவர் கொண்டுவந்த சொத்து. உடுப்புப் பெட்டியை ஓட்டோவின் பின்னால் எறிந்துவிட்டு, கொம்பியூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கினார். வந்த அன்றே மேசையை இழுத்து அந்த யன்னலோடு ஒட்டிப் போட்டார். கதவுகளைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். அதற்கு மேலே ஒரு தடித்த சீலையும் தொங்கவிட்டார்.

"உப்புக் காத்து, தனு. மதர்போட்டைத் தின்னும். கறள் பிடிச்சா மெசின் போச்சு," என்றார்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் உப்பு தின்னாதது எதுவுமில்லை. சைக்கிள் சங்கிலி, கதவுப் பிணைச்சல், அம்மாவின் தையல் மெசின் எல்லாம் அதற்குத்தான் இரை. ஆனால் பூட்டிய அறையில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அவித்த கிழங்காய்க் கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

பின்னேரத்தில் வேலையால் வந்து தேத்தண்ணியைக் குடித்த கையோடு அவர் அந்த மெசினின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு விளையாட்டு. அதில் ஒரு தீவு, தெருக்கள், பாலம், உயரக் கட்டிடங்கள், கார்கள். தொப்பி போட்ட ஒருவன் அங்கே ஓடித்திரிகிறான். அவனைத்தான் இவர் ஆட்டுவிக்கிறார். முதல் நாள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். தொப்பிக்காரன் தெருவை விட்டு இறங்கிக் கடற்கரைக்குப் போனான். கடற்கரை இருந்தது. கடல் இல்லை.

கடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறத் தரை. பள்ளமாய்ப் போய்க்கொண்டே இருந்தது. வள்ளங்கள் எதிலும் தொடாமல் வெறுவெளியில் நின்றன. பாலத்தின் கால்கள் நீளமாய் இறங்கி அந்தத் தரையில் ஊன்றியிருந்தன. பொழுது சாய்கிற நேரம், சூரியன் விழுவதற்கு ஒன்றுமில்லாமல் தரையின் ஓரத்தில் சும்மா அணைந்தது. தொப்பிக்காரன் கரையைத் தாண்டினதும் அவனுடைய கால்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. கையை வீசி, காலை உதைத்து, காற்றில் நீந்தத் தொடங்கினான். தொப்பி மட்டும் தலையை விட்டு அசையவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இவன் ஏன் காத்தில நீந்துறான்?"

"தண்ணி இரிக்கு. மெசினுக்குக் கீறிக் காட்ட ஏலா. எங்களுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்."

"தெரியாத தண்ணியில அவனுக்கு மூச்சு முட்டுமா?"

"முட்டும்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

உண்மைதான். தொப்பிக்காரன் தலைகீழாய் இறங்கி அந்தச் சாம்பல் தரையைத் தொட்டான். திரையின் மூலையில் மூச்சுக்கு என்று ஒரு நீலக் கோடு இருந்தது. அது தேயத் தேய என் கணவரின் முகம் இறுகும். முடியப் போகிற நேரத்தில் அவனை மேலே கொண்டுவருவார். மூச்செடுக்க விடுவார். பிறகு இன்னொரு இடத்தில் இறக்குவார். அந்த விளையாட்டில் கார் ஓட்டலாம், களவெடுக்கலாம், பொலிஸுக்கு ஓடி ஒளிக்கலாம். இவர் ஒன்றுமே செய்யவில்லை. தினமும் தரையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு, உழுகிற ஒழுங்கில், நீந்தி நீந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் எனக்குக் கண் சொருகும். சில நாட்களில் அந்தத் தீவு என் நித்திரைக்குள் வந்துவிடும். எங்கள் வளவுக்கு மேலேயும் தெரியாத தண்ணீர் நிற்கிறது. அம்மா அடியில் நின்று முற்றம் கூட்டுகிறார். கொடியில் காய்கிற சேலைகள் மெல்ல மெல்ல மேல்நோக்கி மிதக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு மீன், யாரையும் தெரியாதது போல், வீட்டைச் சுற்றி வருகிறது. பயமாக இருக்காது. விழித்தால் வேர்வையில் நனைந்திருப்பேன்.

தண்ணீரைக் கீற, அதாவது வரைந்து காட்ட, மெசினுக்குத் தனியாக ஒரு பலகை வேண்டும். கிராபிக்ஸ் காட் என்று பெட்டியில் போட்டிருக்கும், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது வீஜிஏ. அவருடைய மெசினில் மதர்போட்டோடு சேர்ந்து பிறந்த ஒன்று இருந்தது. பிறவியிலேயே சத்தில்லாதது. நல்ல காட் ஒன்றை வாங்கிப் போட்டால் கடல் வரும். இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் காத்தான்குடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற ஷிஹான் நானா. அவருடைய தம்பி கட்டாரில் இருந்து சாமான் அனுப்புவார்.

அந்தக் கடைக்கு என் கணவர் சனிக்கிழமை தவறாமல் போவார். நானும் சில நாள் மோட்டர் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போவேன். கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாய் இறக்கி, திருப்பி, பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தெல்லாம் வாசிப்பார். ஒன்று நீளம் கூட, மெசின் கேசிங்குக்குள் போகாது. ஒன்றுக்குப் பவர் சப்ளை காணாது. ஒன்றின் கால் எங்கள் மதர்போட்டின் பள்ளத்துக்குப் பொருந்தாது, அது பழைய மொடல். எல்லாம் பொருந்தினதென்றால், "இதைவிட நல்லது அடுத்த மாசம் வருகுதாம்" என்று வைத்துவிடுவார். பெண் பார்க்கப் போகிற வீடெல்லாம் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிற மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த ரகம். ஒரு வருசம் போனது.

"தங்கச்சி, உங்கட மாப்பிள்ளைக்கு நான் காட் விக்கல்ல, பாடம் எடுக்கிறன்," என்பார் ஷிஹான் நானா.

கஞ்சன் என்று நினைத்தேன். பிறகு, கஞ்சனும் இல்லை, எதிலும் ஒரு முடிவெடுக்கத் தெரியாத மனுசன் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கினது. அந்தச் செய்தியைச் சொன்ன அன்று அவர் என்னைக் வெகு நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கிழமை கழித்து ஒரு கதையை எடுத்தார்.

"கொக்கட்டிச்சோலைக்கு இடமாற்றம் கேக்கப்போறன், தனு. அங்க மாமி வீட்டுக்குப் பக்கத்தில ஒரு வீடு வாடகைக்கு இரிக்காம்."

கொக்கட்டிச்சோலை வாவிக்கு அந்தப் பக்கம். மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போனால் கண்ணுக்கெட்டின மட்டும் வயல். கடல் அந்தத் திசையிலேயே கிடையாது.

"ஏன்? இந்த வீட்டுக்கு என்ன குறை?"

"பிள்ளை நடக்கத் தொடங்கினா எங்க ஓடும்? வாசலால இறங்கினா கடல்தானே."

"நானும் இஞ்சதான் நடக்கப் பழகினன். எண்ட அப்பா இருந்த காலத்தில கடலுக்குப் போய்த்தான் என்னை வளத்தார். வீட்டைப் பூட்டிப்போட்டு, அம்மாவைத் தனிய விட்டுப்போட்டு, வயல் நடுவில போய் இருக்கவா?"

"உண்ட வீடுதான். நான் ஒண்டும் சொல்லல்ல."

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. என் வீடு! அம்மா தன் பெயரில் இருந்ததை என் பெயரில் எழுதி, ஒவ்வொரு சுவருக்கும் தானே நின்று தண்ணீர் ஊற்றி எழுப்பின வீடு. பூட்டிப் போட்டால் இரண்டு மாரிக்குள் உப்பு அதைத் தின்றுவிடும். அம்மா அந்தப் பின்வீட்டில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கத்தினேன். அவர் திரும்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் சண்டை முடிந்திருக்கும். மாத முடிவில் கடிதத்தைக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தொப்பிக்காரனைக் கூட்டிக்கொண்டு தன் சாம்பல் கடலுக்குள் இறங்கினார். அந்தக் கிழமை முழுக்க நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் திரை இருண்டது. மெசின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, படம் இல்லை. தட்டினார், கழற்றினார், பூட்டினார். அடுத்த சனிக்கிழமை மெசினை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருக்க, காத்தான்குடிக்குப் போனோம். பேசாமல் போனோம்.

ஷிஹான் நானா மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"பில்டின் வீஜிஏ செத்துட்டு தம்பி. இஞ்ச பாருங்க, கால் எல்லாம் பச்சை பிடிச்சிருக்கு. உப்பு."

"யன்னலை ஒரு நாளும் துறக்கல்லயே நானா," என்றார் இவர்.

"பூட்டின யன்னலுக்குள்ளாலயும் உப்பு வரும். கல்லடியில இருந்துக்கிட்டு அதுக்குத் தப்ப ஏலுமா? மத்ததெல்லாம் நல்லாத்தான் இரிக்கு. காட் ஒண்டு போட்டாப் படம் வரும். இனிப் போட்டாத்தான் வரும்."

இவர் அலுமாரியைப் பார்த்தார். ஒரு வருசமாய் எல்லாப் பெட்டியையும் மனப்பாடம் செய்தவர், ஒன்றையும் இறக்காமல் நின்றார்.

"நானா, தண்ணி கீறாத காட் ஒண்டு இரிக்கா?"

ஷிஹான் நானா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "ஊரெல்லாம் தண்ணி நல்லாத் தெரியுற காட் கேட்டு வருகுது. இப்ப வாற எந்தக் காட்டும் தண்ணி கீறும் தம்பி. ஆக மலிஞ்சதும் கீறும். பொறுங்க, காட்டுறன்."

கடையில் பார்வைக்கு வைத்திருந்த மெசினில் அதே தீவைத் திறந்தார். அதே பாலம், அதே கடற்கரை. ஆனால் தரை இல்லை. விளிம்பில் இருந்து விளிம்பு வரைக்கும் நீலமாய் ஒரு மூடி. வள்ளங்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் அழகாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நின்ற இடம் காலியாக இருந்தது.

கடைக்குப் பின்னால் ஒழுங்கை ஒன்று வாவிக்கரைக்கு இறங்குகிறது. அங்கேதான் நின்றார். வெயில் தணிந்து, வாவி அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒருவன் தோணியில் நின்றபடி வலையை வீசினான். வலை விழுந்த சத்தம் கரைக்கு வந்து சேர்வதற்குள் அவன் அதை இழுக்கவும் தொடங்கிவிட்டான். வாவித் தண்ணீருக்கு இவர் பயப்படுவதில்லை. கால் நனையவே நின்றார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன நடந்த?"

என்னைப் பார்க்காமல், அந்தத் தோணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்டைக்கு நான் மாடி வீடொண்டுக்கு மேல நிண்டன். முதல் அலை வாணியை இழுத்துக்கொண்டு போயித்து. மறுகா கடல் பின்வாங்கிச்சு. எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரு நாளும் காணாத தரை, தனு. சாம்பல் நிறம். கல்லெல்லாம் தெரிஞ்ச. வள்ளங்கள் சரிஞ்சு கிடந்த. அந்த நடுவில வாணி எழும்பி நிண்டாள். உயிரோட. கையைக் காட்டினாள். அம்மா அவளை எடுக்க இறங்கிப் போனா. ஓடல்ல, நடந்துதான் போனா, சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. ரெண்டு பேரும் எனக்கு நல்லாத் தெரிஞ்சாங்க. நான் கத்தினன். அம்மா திரும்பியும் பாக்கல்ல."

வாணி அவருடைய தங்கச்சி. படத்தில் மட்டும் கண்டிருக்கிறேன், இரட்டைப் பின்னலோடு.

"ரெண்டாவது அலை மூடினதுக்குப் பிறகு ஒண்டும் தெரியல்ல. ரெண்டு பேரையும் எடுக்கவும் இல்ல. அந்தத் தரை இன்னொருக்காத் தெரிஞ்சாத் தேடலாமெண்டு..." நிறுத்திக்கொண்டார். "விசர் எண்டு தெரியும். அது விளையாட்டு. அந்தத் தீவு ஆரோ கீறினது. எல்லாம் தெரியும். எண்டாலும் அங்க தண்ணி மூடாதே, தனு. எப்ப போனாலும் அடி தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. பக்கத்தில் ஒருத்தி கிடக்க, இவ்வளவையும் ஒரு தொப்பிக்காரனிடம் கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் உடல் கிடைக்காதவர்களின் வீடு எத்தனையோ. கடல் கொண்டுபோனவர்கள், சண்டை கொண்டுபோனவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஏதோ ஒரு விதத்தில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். என் வீட்டில், என் அறையில், என் கண்ணுக்கு முன்னால் ஒருவர் தேடினதை நான் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அவருடைய கையைப் பிடித்தேன்.

"மெசின் செத்ததாவே கிடக்கட்டும். கொக்கட்டிச்சோலைக்குப் போவம்," என்றார்.

"இஞ்சயே நில்லுங்க. வாறன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் காலோடு கடைக்குள் போனேன்.

"நானா, எந்தக் காட் போட்டாத் தண்ணிக்குள்ளால அடி தெரியும்?"

ஷிஹான் நானா என் முகத்தைப் பார்த்தார். அழுத கண் என்று தெரிந்திருக்கும். "இவ்வளவு காலத்தில ஒருத்தரும் இப்பிடிக் கேக்கல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு, அலுமாரியின் மேல்தட்டில் இருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். முதலாவதைப் பூட்டிக் காட்டினார். அது விசிறி இல்லாதது, சத்தம் போடாது, சூடாகாது. தண்ணீர் நீலப் பெயின்ட் அடித்த தகரமாய் இருந்தது. அடி தெரியவில்லை. இரண்டாவதைப் பூட்டினார். வயிற்றில் விசிறியோடு, செங்கல் அளவில் இருந்தது. இந்த முறை கடல் வந்தபோது நான் திரைக்குக் கிட்டப் போனேன். கரையோரத்துத் தண்ணீர் கண்ணாடியாய் இருந்தது, அதற்குள் மணல் தெரிந்தது. தூரம் போகப் போக மங்கினாலும், இருந்தது.

"இது."

"இது சூடாகும் தங்கச்சி. சொல்லிப்போட்டன். அறையில காத்து வேணும். யன்னல் இரிக்கா?"

"இரிக்கு," என்றேன். "நல்ல பெரிய யன்னல்."

விலை மூச்சை அடைத்தது, அது கிடக்கட்டும். நான் பெட்டியோடு வந்ததைக் கண்டு அவர் தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. வீடு வரும் வரைக்கும் அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட பிறகும் அவர் பெட்டியைத் தொடவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம். கடைசியில் எழும்பி வந்து மெசின் மூடியைக் கழற்றினார். தூரிகையால் கறளைத் துடைத்தார். காட்டை விளிம்பில் பிடித்து, பள்ளத்துக்கு நேரே வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மருமகன், உள்ளுக்கும் ஒரு காத்தாடியா? இந்த அறைக்கு அதுவும் வேணும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் வந்தது. தீவு வந்தது. தொப்பிக்காரன் எப்போதும் நிற்கிற அதே கடற்கரையில் நின்றான். அவனுக்கு முன்னால் கடல். சின்னச் சின்ன அலையாய்க் கரைக்கு வந்து, நுரைத்து, மணலை நனைத்துவிட்டுத் திரும்பியது. என் கணவரின் விரல்கள் விசைப் பலகையை விட்டு எழும்பி மடிக்குப் போயின. தொப்பிக்காரன் காத்துக்கொண்டு நின்றான். நானும் காத்துக்கொண்டு நின்றேன். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் ஒரு விரலை வைத்தார்.

தொப்பிக்காரன் இறங்கினான். முழங்கால், இடுப்பு, கழுத்து. நீந்தினான். இவ்வளவு நாளும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த அந்தக் கைவீச்சு, தண்ணீர் வந்ததும் சரியாகிவிட்டது. அவன் முன்பும் சரியாகத்தான் நீந்தியிருக்கிறான். எங்கள் கண்ணுக்குத்தான் தண்ணீர் இருக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய், என் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவனை உள்ளே இறக்கினார்.

உள்ளே வெளிச்சம் இருந்தது.

அந்தச் சாம்பல் தரையைக் காணவில்லை. மணல் பொன்னிறத்தில் கிடந்தது. மேலேயிருந்து வெயில் கோடு கோடாய் இறங்கி, அந்த மணலில் வலை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. பழைய மெசின் ஒரு நாளும் கீறிக் காட்டாத பாசிகள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து, பிறகு மறு பக்கமாய்ச் சாய்ந்தன. பொடி மீன் கூட்டம் ஒன்று தொப்பிக்காரனைக் கண்டு பிரிந்து, அவனுக்குப் பின்னால் திரும்பச் சேர்ந்தது. எல்லாம் ஆறுதலாக நடந்தது.

"இவ்வளவு வெளிச்சமா கீழ?" என்றார்.

நான் அவருடைய தோளில் கை வைத்தேன்.

"இருட்டெண்டுதான் நினைச்சன், தனு. இத்தனை வருசமா. வாணிக்கு இருட்டெண்டாப் பயம். லைட்டைப் போட்டித்துத்தான் படுப்பாள். நான் ஏசுவன், கரண்ட் காசு கூடுமெண்டு. இருட்டுக்குள்ள கிடக்கிறாளே, அம்மா பக்கத்தில இரிக்கிறாவோ இல்லையோ எண்டு..."

"உண்மையிலயும் இப்பிடித்தான்," என்றேன். "நான் பாத்திருக்கன். சின்ன வயசில அப்பாட வள்ளத்தில போய்க் குதிச்சுக் கண்ணைத் துறந்து பாப்பன். வெயில் நேரம் அடி வரைக்கும் வெளிச்சம். இப்பிடித்தான் ஆடும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லாத."

"அம்மாவாணை."

அப்போதுதான் அழுதார். கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நான் காணாத அழுகை. தலையை என் வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதார். பிள்ளைக்கும் கேட்டிருக்கும். மூலையில் நீலக் கோடு தேய்ந்துகொண்டு போனதை நான்தான் கண்டேன்.

"ஏத்துங்க, ஏத்துங்க! அவனுக்கு மூச்சு முட்டப்போகுது!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதறிப்போய் விசையை அழுத்தினார். தொப்பிக்காரன் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து, வாயைப் பிளந்து மூச்செடுத்தான். அந்த இடத்திலேயே படம் அப்படியே நின்றுவிட்டது. அலையும் நின்றது. மெசினுக்குள் விசிறி கத்தத் தொடங்கியது. மூடியில் கை வைத்தேன், தோசைக்கல்தான்.

"சூடு ஏறித்து. நானா சொன்னவர்," என்றேன். "காத்து வேணுமாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது, என் கள்ளத்தனம் பிடிபட்டுவிட்டது. மெசினை அணைத்துவிட்டு எழுந்தார். மேசையைப் பிடித்து இழுத்தார். நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போக, "வயித்துப் பிள்ளையோட தொடாத" என்று கையைத் தட்டிவிட்டுத் தானே இழுத்தார். சீலையைக் கழற்றினார். கொண்டி கறள் பிடித்து இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, மெல்ல மெல்லத் தட்டி, ஆட்டி, கடைசியில் தோளால் இடித்தார்.

காற்று வந்தது. அறைக்குள் இருந்த அத்தனை காலத்துச் சூடும் எங்களைத் தாண்டி வாசலால் போனது. வேலிக்கு அப்பால் மணல், அதற்கு அப்பால் அது. பின்னேர வெயிலில் எங்கும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. பின்வளவில் அம்மா யன்னல் திறந்த சத்தம் கேட்டு வந்து, விளக்குமாறும் கையுமாய் நின்றார். பிறகு மிச்ச முற்றத்தைக் கூட்டத் திரும்பிப் போனார்.

அவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், மேலே தெரிகிறதை இல்லை, அதற்குள்ளே. அந்த மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. இடமாற்றக் கடிதத்தைப் பற்றிக் கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

"துறந்து விட்டா உப்பு வரும்," என்றார்.

"வரட்டும்."

"காட்டும் கறள் பிடிக்கும்."

"பிடிச்சா?"

கம்பியில் இருந்த கறளை நகத்தால் சுரண்டினார்.

"பிடிச்சா ஷிஹான் நானாட்டப் போய் வேற ஒண்டு பாப்பம்," என்றார். "அந்த நேரம் பிள்ளையும் நடக்கும். மூண்டு பேருமாப் போவம்."